மீண்டு வந்த வால்வெள்ளி

1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆந் திகதி இலண்டனிலிருந்து ஒன்றும் நியூயோர்க்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு ஆகாயவிமானங்கள் புறப்பட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தை எதிரெதிராகக் கடந்தன. இரண்டும் பிரித்தானியாவின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்துக்கு உரியவை, நான்கு நாட்களுக்கு முன்னர்தான் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தவை. மேற்கே சென்ற விமானம் எதிர்க்காற்றோடு போராடி, நியூபவுண்லாந்துத் தீவிலுள்ள காண்டர் நிலையத்தில் இறங்கி எரிபொருள் ஏற்றிக்கொண்டு, 10 மணி 22 நிமிடத்தில் நியூயோர்க்கை அடைந்தது. கிழக்கே வந்ததோ பின்காற்றின் துணையோடு எங்குந் தரிக்காமல் 6 மணி 12 நிமிடத்தில் இலண்டன் வந்து சேர்ந்தது. கட்டணஞ் செலுத்திய பிரயாணிகளுடன் ஜெட் விமானம் அச்சமுத்திரத்தைக் கடந்தது அன்றே முதன்முறையாகும். அப்பாதையில் அதுகாறும் பறந்த விசிறி விமானங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பின்காற்று வாய்த்தபோதும் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டியிருந்தது.

அவ்விரு விமானங்களின் பெயர் கொமெட் 4. கொமெட் என்றால் வால்வெள்ளி. வால்வெள்ளி தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்று நம்பிய முன்னோர் இப்பெயரைக் கேட்டிருந்தால் முகஞ் சுளித்திருப்பர். அவர்களுடைய அச்சத்தை மெய்ப்பிப்பதுபோல, நான்காண்டுகளுக்கு முன்னர் அப்பெயர் உலகப் பத்திரிகைகளில் மரணச் செய்தியாகவே அடிபட்டது. தான் பயணஞ் செய்யப் போவது கொமெட் விமானத்தில் என்று 1954ஆம் ஆண்டில் ஒருவன் கூறியிருந்தால், அவனுடைய சுற்றத்தார் அவனைத் தடுத்திருப்பர். அத்தகைய பெயரைத் தாங்கிய விமானம் அத்திலாந்திக்கின் முதல் ஜெட் விமானமாக எவ்வாறு மீண்டு வந்தது, மீண்டு வந்தும் ஏன் தன் இடத்தை நெடுநாள் காக்க இயலாமற் போயிற்று என்பதே ஈண்டு கூறப்படும் வரலாறு.

இரண்டாம் உலக யுத்தம் முடியுமுன்பே, யுத்தத்துக்குப் பின் எத்தகைய விமானங்கள் வேண்டும் என்று ஆராயப் பிரித்தானிய அரசாங்கம் பிரபசோன் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஜெட் இயந்திரத்தால் இயங்கும் விமானம் ஒன்று வேண்டும் என்பது அக்குழுவின் விதப்புரைகளுள் ஒன்று. அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் சேர் ஜெப்ரி டி ஹவிலண்ட். தம் பெயராலேயே விமானக் கம்பெனி ஒன்றை நிறுவி, யுத்த காலத்தில் மொஸ்கிற்றோ என்னும் புகழ்பெற்ற மரவிமானத்தை உருவாக்கித் தந்தவர் அவர். அக்கம்பெனியே அந்த ஜெட் விமானத்தை அமைக்கும் பொறுப்பை ஏற்றது. தலைமை வரைவாளராக இருந்தவர் றொனால்ட் பிஷப்.

கொமெட்டுக்காக டி ஹவிலண்ட் குடும்பம் கொடுத்த விலை பெரிது. பின்சாய்ந்த இறக்கையின் இயல்பை அறிவதற்காக டி.எச். 108 என்னும் வாலில்லாத சிறு விமானம் ஒன்று அமைக்கப்பட்டது. அதனைப் பரீட்சித்துப் பறந்தவர் சேர் ஜெப்ரியின் மூத்த மகன். 1946 செப்டெம்பரில் தேம்ஸ் நதி முகத்துக்கு மேல் அவ்விமானம் வானிலேயே சிதைந்தது, மகன் மாண்டார். இன்னொரு மகனை 1943இல் நிகழ்ந்த ஒரு விமான மோதலில் அவர் முன்பே பறிகொடுத்திருந்தார். எனினும் வேலை நின்றபாடில்லை. இறந்த மகனின் இடத்துக்குத் தலைமைப் பரீட்சை விமானியாக வந்தவர், யுத்தத்தில் இரவுப் போர் விமானியாகப் பெயர் பெற்ற ஜோன் கனிங்ஹாம். 1949 ஜூலை 27ஆந் திகதி ஹட்பீல்ட் விமானத்தளத்திலிருந்து முதற் கொமெட்டை அவர் எழுப்பினார். அன்று சேர் ஜெப்ரிக்கும் பிறந்த நாள், கனிங்ஹாமுக்கும் பிறந்த நாள்.

1952 மே 2ஆந் திகதி இலண்டனுக்கும் ஜொகானஸ்பேர்க்குக்கும் இடையில் உலகின் முதல் ஜெட் பிரயாணச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அச்சேவை கொழும்புக்கும் நீட்டப்பட்டது. ஜெட் விமானம் என்பது ஐரோப்பாவிலேயே புதுமையாயிருந்த காலத்தில் இலங்கை அதனைக் கண்டுவிட்டது. முப்பத்தாறு பேரே அதில் இருந்து செல்லலாம். ஆயினும், நாற்பதாயிரம் அடி உயரத்தில், மழைமேகங்களுக்கு மேலே, மேசைமீது வைத்த நாணயமும் விழாதபடி அதிர்வின்றிச் சென்ற பயணம், இரைச்சலுக்கும் நடுக்கத்துக்கும் பழகிய பிரயாணிகளுக்கு வேறோர் உலகமாகத் தோன்றியிருக்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனியான பான் அமெரிக்கனும் அவ்வாண்டு ஒக்டோபரில் கொமெட்டின் பெரிய வடிவம் ஒன்றுக்கு மூன்று விமானங்கள் வேண்டுமெனக் கட்டளை கொடுத்தது. பிரித்தானிய விமானத்தை அமெரிக்கர் நாடி வந்தது அக்காலத்தில் எளிய செய்தியன்று.

பின்னர் வந்தவை வரிசையான துன்பங்கள். 1953 மார்ச்சில் கராச்சியில் ஒரு கொமெட் ஓடுபாதையை விட்டெழ மாட்டாமல் அழிந்து பதினொருவர் மாண்டனர். அதே ஆண்டு மே 2ஆந் திகதி, சேவை தொடங்கிய அதே நாளின் முதலாண்டு நிறைவில், கல்கத்தாவிலிருந்து எழுந்த கொமெட் ஒன்று இடிமழையினுள் சிக்கிச் சிதைந்தது. நாற்பத்து மூவர் இறந்தனர். புயலே காரணம் என்று கூறப்பட்டது. 1954 ஜனவரி 10ஆந் திகதி, சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு வரும் வழியில் உரோமாபுரியிற் தரித்து எழுந்த கொமெட், எல்பாத் தீவுக்கு அண்மையிற் கடலுள் வீழ்ந்தது. முப்பத்தைவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வானம் தெளிவாயிருந்த பகல் வேளை அது. புயலைப் பழிகூற இயலவில்லை. விழுந்தது, 'யோக் பீற்றர்' என்று விமானிகள் அழைத்த விமானம். 1952இல் ஜொகானஸ்பேர்க்குக்கு முதற் பயணஞ் சென்றதும் அதுவே.

கொமெட்டுக்கள் யாவும் சேவையிலிருந்து நிறுத்தப்பட்டன. நெருப்பு, இயந்திரச் சிதைவு, இறக்கையின் நடுக்கம் எனத் தோன்றத்தக்க காரணங்களெல்லாம் எண்ணிப் பார்க்கப்பட்டு, அவ்வவற்றுக்கு ஏற்ற திருத்தங்கள் செய்யப்பட்டன. மெய்க்காரணம் யாதென்று எவருக்கும் தெரியாது. தெரியாமலே மார்ச் 23ஆந் திகதி சேவை மீண்டுந் தொடங்கியது. பதினாறு நாள் சென்றது. ஏப்ரில் 8ஆந் திகதி உரோமாபுரியிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்ட இன்னொரு கொமெட் நேப்பிள்ஸுக்குத் தெற்கே கடலில் வீழ்ந்தது, இருபத்தொருவர் மாண்டனர். இம்முறை அரசாங்கம் கொமெட்டின் பறக்குந் தகைமைச் சான்றிதழையே மீட்டுக்கொண்டது. அப்பதினாறு நாட்களே கொமெட்டின் வரலாற்றில் மன்னிக்க அரிய பகுதி. காரணம் அறியாமல் மருந்து கொடுத்ததன் விலையை, மருந்து கொடுத்தவர்களல்ல, பிரயாணிகளே செலுத்தினர்.

ஆராய்ச்சிப் பொறுப்பு, பான்பரோவிலுள்ள அரச விமான நிறுவனத்தின் பணிப்பாளரான சேர் ஆர்னல்ட் ஹோலிடம் ஒப்படைக்கப்பட்டது. பணத்தையும் ஆட்பலத்தையும் கணக்கிடாமல் மெய்காண வேண்டும் என்பது அப்போது பிரதமராயிருந்த சேர்ச்சிலின் நிலைப்பாடு. நேப்பிள்ஸ் அருகே கடல் மிக ஆழமாதலால் அங்கு வீழ்ந்ததை எடுக்க வழியில்லை. எல்பாவுக்கு அருகே பிரித்தானியக் கடற்படையினர் நீர்மூழ்குந் தொலைக்காட்சிக் கருவியைக் கொண்டு தேடி, யோக் பீற்றரின் துண்டுகளை மாதக்கணக்காகப் பொறுக்கி எடுத்தனர். பான்பரோவில் மரச்சட்டம் ஒன்றில், ஒவ்வொரு துண்டும் அதற்குரிய இடத்திற் பொருத்தப்பட்டது. இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவ அறிஞர்கள், நுரையீரல்கள் வெடித்திருத்தலைக் கண்டு, விமானத்தின் அறையினுள் இருந்த காற்றமுக்கம் ஒரு கணத்தில் நீங்கியிருத்தல் வேண்டும் எனக் கூறியிருந்தனர்.

காற்றமுக்கத்தைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். நாற்பதாயிரம் அடி உயரத்தில் வெளிக்காற்றின் அமுக்கம் நிலமட்டத்திலுள்ளதில் ஐந்திலொரு பங்கு அளவே. அக்காற்றைச் சுவாசித்து மனிதன் உயிர்வாழ இயலாது. ஆதலால் விமானத்தின் கூட்டினுள் காற்றைச் செறித்து, எண்ணாயிரம் அடி உயரத்து மலைநாட்டில் இருப்பது போன்ற நிலையை உண்டாக்குவர். இதனால் கூட்டின் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் எட்டு இறாத்தலுக்கு மேற்பட்ட விசை வெளியே தள்ளுகின்றது. விமானம் எழும்போது கூடு ஊதும்; இறங்கும்போது தளரும். ஒரு பறப்புக்கு ஒரு தடவை. கம்பியொன்றை ஒருமுறை வளைத்தால் முறியாது. திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். உலோகமும் களைக்கும். இதனை விமான அறிஞர் அறியாதவரல்லர். ஆனால் இறக்கையைப் பற்றியே பெரிதும் அஞ்சினர். கூடு இத்துணை விரைவாகக் களைக்கும் என்று எண்ணவில்லை.

எண்ணாமைக்கும் ஒரு காரணம் உண்டு. அதுவே இவ்வரலாற்றின் வியத்தகு பகுதி. டி ஹவிலண்ட் கம்பெனியார் கூட்டின் ஒரு பகுதியை முன்னரே பரீட்சித்திருந்தனர்; பதினாறாயிரம் தடவைக்கு மேல் அமுக்கத்தை ஏற்றியிறக்கியும் அது தாங்கியது. ஆனால் அதே பகுதியை, அதன் உறுதியை அளப்பதற்காக, வழக்கமான அமுக்கத்தின் இருமடங்குக்கு முன்பே உட்படுத்தியிருந்தனர். அப்பெரும் அமுக்கத்தில், சன்னல் மூலைகளைச் சூழ்ந்த உலோகம் சற்றே இழுபட்டு இறுகிவிட்டது. இறுகிய உலோகம் எளிதிற் களைக்கவில்லை. கடுமையான பரீட்சை செய்தோம் என்ற திருப்தியில், அப்பரீட்சையே தங்களை ஏமாற்றியதை அவர்கள் காணவில்லை. பிரயாணிகளைச் சுமந்த விமானங்களின் கூடுகளுக்கு அந்த இறுக்கம் கிடைக்கவில்லை.

பான்பரோவில் மாபெரும் நீர்த்தொட்டி ஒன்று கட்டப்பட்டு, 'யோக் அங்கிள்' என்னும் இன்னொரு கொமெட்டின் கூடு அதனுள் அமிழ்த்தப்பட்டது. இறக்கைகள் இரண்டும் தொட்டியின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காற்றைச் செறித்தால் கூடு உடையும்போது குண்டுபோல் வெடிக்கும். நீரைச் செறித்தால் அவ்வாறு சிதறாது, உடைந்த இடமும் உள்ளபடியே காணக்கிடைக்கும். உள்ளே நீரைச் செலுத்தி அமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும், இறக்கைகளை மேலுங் கீழும் அசைத்தும், பல மணித்தியாலப் பறப்பொன்றின் வருத்தத்தைச் சில நிமிடங்களில் அவ்விமானத்துக்கு ஊட்டினர். இரவும் பகலும் வேலை நடந்தது. 1954 ஜூன் மாத இறுதியில், மெய்ப்பறப்பும் தொட்டிப் பறப்புமாக ஏறக்குறைய மூவாயிரத்தை எட்டியபோது கூடு பிளந்தது. பிளவு தொடங்கிய இடம், அவசர வெளியேற்றச் சன்னல் ஒன்றின் மூலை.

கொமெட்டின் சன்னல்கள் சதுரமாயிருந்தமையே அழிவுக்குக் காரணம் என்று பிற்காலத்திற் பலரும் எழுதிவிட்டனர். அது முழு உண்மையன்று. யோக் பீற்றரின் முகட்டுத் தகடு ஒன்று பின்னர்க் கடலிலிருந்து கிடைத்தது. திசையறியும் வானொலிக் கருவிக்காக முகட்டில் வெட்டப்பட்டிருந்த துவாரத்தின் மூலையிலேயே அதன் கிழிசல் தொடங்கியிருந்தது. பிரயாணிகள் எட்டிப்பார்க்கும் சன்னலன்று அது. மூலைகளில் விசை குவிந்தமை, தகடு மெல்லியதாயிருந்தமை, தறையாணித் துவாரங்கள் துளைக்கப்படாமற் குத்தி எடுக்கப்பட்டமை ஆகிய யாவுஞ் சேர்ந்தே அத்தீங்கை விளைத்தன. யோக் பீற்றர் தன் வாழ்நாளிற் காற்றமுக்கத்தோடு பறந்த பறப்புக்கள் 1,290. நேப்பிள்ஸ் அருகே வீழ்ந்தது அதனினுங் குறைவாகவே பறந்தது.

1954 ஒக்டோபரில் கோஹன் பிரபுவின் முன்னிலையிற் பகிரங்க விசாரணை தொடங்கியது. சாட்சியங்கள் யாவும் வெளியரங்கமாயின. அறிக்கை அச்சில் வந்தது. எவர்மீதும் கவனக்குறைவுக் குற்றஞ் சாட்டப்படவில்லை. எந்நாட்டுப் பொறியியலாளனும் அதனைப் படித்துத் தன் விமானத்தைத் திருத்திக்கொள்ளலாம், திருத்தியும் கொண்டனர். அமெரிக்காவின் சியாற்றிலில் போயிங் கம்பெனியார் தம் முதல் ஜெட் பிரயாண விமானத்தின் மாதிரியை 1954 ஜூலை மாதம் பறக்கவிட்டிருந்தனர், தொட்டியிற் கொமெட் பிளந்து ஏறக்குறைய மூன்று கிழமையில். கொமெட் கற்பித்த பாடத்தை அவர்கள் விலையின்றிப் பெற்றனர். விலையைக் கொடுத்தவர் ஹட்பீல்டில் இருந்தனர்.

அங்கேயும் ஒருவரும் கைகட்டியிருக்கவில்லை. முதற் கொமெட் கைவிடப்பட்டது. கொமெட் 2 வகையிற் பல, கூடு வலுவாக்கப்பட்டுப் பிரித்தானிய ஆகாயப்படைக்குப் போயின. கொமெட் 3 என நீண்ட கூட்டுடன் ஒன்றே ஒன்று பறந்தது. 1955 டிசெம்பரில் கனிங்ஹாம் அதனை அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹவாய், கனடா வழியாக உலகைச் சுற்றி ஓட்டி வந்தார். ஜெட் பிரயாண விமானம் ஒன்று பூமியை வலம் வந்தது அதுவே முதன்முறை. கொமெட் இறக்கவில்லை என்று உலகுக்குக் காட்டுவதே அப்பயணத்தின் நோக்கம். அதற்கு முன்னரே, விசாரணை அறிக்கை வெளியான சில வாரங்களில், 1955 மார்ச்சில், பி.ஓ.ஏ.சி. நிறுவனம் பத்தொன்பது கொமெட் 4 விமானங்களுக்குக் கட்டளை கொடுத்துவிட்டது. தன் பிரயாணிகளையும் தன் விமானிகளையும் கடலிற் பறிகொடுத்த நிறுவனமே அதே பெயர் கொண்ட விமானத்தை மீண்டும் வாங்க முன்வந்தமை துணிவான செயல். பெயரை மாற்றிவிடலாம் என்று எண்ணுவது எவர்க்கும் இயல்பு. அவ்வாறு செய்யப்படவில்லை.

கொமெட் 4இன் புறத்தோற்றம் பழைய கொமெட்டின் தமையன் போன்றது. ஆனால் உள்ளே எல்லாம் வேறு. கூட்டின் தகடு தடித்தது. சன்னல்கள் வட்ட வடிவம் பெற்றன. துவாரங்களைச் சூழ வலுவூட்டப்பட்டது. கூட்டின் பகுதிகள் நீர்த்தொட்டியில் நீண்ட காலம் வருத்தப்பட்ட பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டன. 93 அடியாயிருந்த நீளம் 111 அடி 6 அங்குலமாயிற்று. ஒவ்வொன்றும் ஐயாயிரம் இறாத்தல் உந்துவிசை தந்த பழைய கோஸ்ட் இயந்திரங்களின் இடத்தை, பத்தாயிரம் இறாத்தலுக்கு மேல் தந்த றோல்ஸ் றோய்ஸ் ஏவன் இயந்திரங்கள் பிடித்தன. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரு எரிபொருட் தாங்கிகள், தொலைவிலிருந்தே இவ்விமானத்தை அடையாளங் காட்டின. 1958 ஏப்ரில் 27ஆந் திகதி அது முதன்முதற் பறந்தது. ஓட்டியவர் அதே கனிங்ஹாம்.

அப்பொழுது போட்டி முற்றியிருந்தது. 1955 ஒக்டோபரில் பான் அமெரிக்கன் கம்பெனி இருபது போயிங் 707களையும் இருபத்தைந்து டக்ளஸ் டி.சி. 8களையும் ஒரே நாளில் வாங்க முன்வந்திருந்தது. கொமெட்டுக்குக் கொடுத்த பழைய கட்டளை மறக்கப்பட்டது. சோவியத் நாட்டின் ரியூ 104 விமானம் 1956 செப்டெம்பர் முதல் மொஸ்கோவிலிருந்து இர்க்குற்ஸ்க் நகருக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. எஞ்சியிருந்த பெருமை அத்திலாந்திக் ஒன்றே. ஆனால் அமெரிக்கக் கரையில் வேறொரு தடை நின்றது. ஜெட் விமானங்களின் இரைச்சல் நகரத்தாரின் உறக்கத்தைக் கெடுக்கும் என்று நியூயோர்க் துறைமுக அதிகாரசபை அஞ்சியது. பி.ஓ.ஏ.சி. ஒரு கொமெட்டை அங்கு கொண்டுசென்று, எழும்பியும் இறங்கியும் இரைச்சலை அளக்கச் செய்தது. போயிங்கைவிடக் கொமெட் சிறியது, அமைதியானது. அதற்கு அது உதவியாயிற்று. ஒக்டோபர் தொடக்கத்தில் அனுமதி கிடைத்தது. விமானங்கள் ஆயத்தமாய் நின்றன. ஒரு நாளையும் வீணாக்காமல் 4ஆந் திகதியே புறப்பட்டன. பான் அமெரிக்கனின் போயிங் 707 நியூயோர்க்கிலிருந்து பரிசுக்குச் சென்றது ஒக்டோபர் 26ஆந் திகதி, இருபத்திரண்டு நாட்கள் பிந்தி. அதுவும் காண்டரில் இறங்கி எரிபொருள் ஏற்றியே சென்றது என்பதைப் போயிங்கின் புகழ்பாடுவோர் பலர் சொல்வதில்லை.

ஆயினும் அந்தப் போயிங் விமானத்தில் அன்று சென்ற பிரயாணிகள் நூற்றுக்கு மேற்பட்டோர். அத்திலாந்திக் பாதையிற் கொமெட் 4 ஏற்றிச் சென்றது நாற்பத்தெண்மரை. கணக்கு அவ்வளவே. எரிபொருளுக்கும் விமானிகளுக்கும் ஆகுஞ் செலவை நாற்பத்தெட்டு ஆசனங்களின் மீது பங்கிடுவதற்கும் நூறு ஆசனங்களுக்கு மேல் பங்கிடுவதற்கும் உள்ள வேற்றுமையை எந்த வெற்றிக்கொடியும் மறைக்க இயலாது. பி.ஓ.ஏ.சி. நிறுவனம் இதனை அறிந்தே இருந்தது. 1956ஆம் ஆண்டிலேயே பதினைந்து போயிங்குகளுக்குக் கட்டளை கொடுத்திருந்தது. 1960 ஒக்டோபரில் அத்திலாந்திக்கிலிருந்து கொமெட் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் முடிசூட்டு இரண்டாண்டு காலமே நிலைத்தது.

1954இன் விபத்துக்களே கொமெட்டைத் தோற்கடித்தன என்று கூறுதல் வழக்கம். நான்காண்டு நட்டமானமை மெய்யே. அந்நான்காண்டில் விற்றிருக்கக்கூடிய விமானங்கள் பல. ஆயினும் தோல்வியின் வேர் அதனினும் ஆழத்தில் இருந்தது. கொமெட்டின் கூடு ஒடுக்கமானது. அகலமான போயிங்கைப்போல் அதனை விரித்து ஆசனங்களைக் கூட்ட இயலாது. அதன் இயந்திரங்கள் நான்கும் இறக்கையின் வேரில், கூட்டை ஒட்டிப் புதைக்கப்பட்டிருந்தன. காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் அழகான ஏற்பாடு அது. ஆனால் பெரிய இயந்திரம் வந்தபோது அதனை நுழைக்க இடமில்லை, பழுதுபார்ப்பதும் எளிதன்று. இறக்கையின் கீழ்த் தொங்கும் உறைகளில் இயந்திரத்தை வைத்த அமெரிக்கர், பெரியதைக் கண்டபோது பெரியதை மாட்டிக்கொண்டனர். கொமெட் 4 முற்றுந் திருத்தப்பட்ட விமானந்தான். ஆயினும் திருத்தப்பட்டது 1940ஆம் ஆண்டுகளின் சிந்தனை. விபத்தே நிகழாதிருந்தாலும் போயிங் அதனை முந்தியிருக்கும். சில ஆண்டுகள் பிந்தி முந்தியிருக்கும் என்பதே வேற்றுமை. பிரயாணிகளைப் பொறுத்தமட்டில், அவர்கள் அஞ்சி ஒதுங்கினர் என்று கூற இடமில்லை. கடலில் வீழ்ந்த விமானத்தின் பெயரைத் தாங்கியதில் அவர்கள் ஏறியமைந்தனர்.

அத்திலாந்திக்குக்குச் சிறிதாயிருந்த விமானம் வேறு பாதைகளுக்கு அளவாயிருந்தது. நீண்ட ஓடுபாதை இல்லாத, வெப்பம் மிகுந்த, உயர்ந்த நிலத்தில் அமைந்த விமானத்துறைகளிலிருந்து கொமெட் எளிதில் எழும். வெப்பமும் உயரமும் காற்றை நெகிழ்த்துவதால் ஏனைய பார விமானங்கள் அங்கெல்லாம் திணறின. எனவே கிழக்காபிரிக்காவும் ஆர்ஜென்ரீனாவும் கொமெட் 4ஐ வாங்கின. குறுந்தூரப் பறப்புக்காகக் கூட்டை நீட்டி இறக்கையைக் குறுக்கிய 4பி என்னும் வகையை பி.ஈ.ஏ. நிறுவனம் 1960 ஏப்ரில் முதல் ஐரோப்பாவில் ஓட்டியது. கிரேக்க நாட்டு ஒலிம்பிக் நிறுவனமும் அதனையே கொண்டது. நீண்ட கூட்டையும் நீண்ட இறக்கையையும் ஒன்றாகப் பொருத்தியது 4சி. மெக்சிக்கோ, எகிப்து, லெபனான், சூடான், குவெயித் ஆகிய நாடுகளின் நிறுவனங்கள் அதனை விரும்பி வாங்கின. லெபனானின் கொமெட்டுக்களில் மூன்று, 1968 டிசெம்பரில் பெய்ரூத் விமானத்துறைமீது இஸ்ரேலியப் படையினர் நடத்திய தாக்குதலில் தரையிலேயே எரிந்தன. அமெரிக்காவின் கப்பிற்றல் நிறுவனம் மட்டும் 1956இல் பதினான்கு விமானங்களுக்குக் கொடுத்த கட்டளையைப் பணமுடையால் நிறைவேற்றவில்லை. அது நிறைவேறியிருந்தால் அமெரிக்க உள்நாட்டு வானத்தையும் கொமெட் கண்டிருக்கும்.

இலங்கைக்கும் கொமெட் 4 வந்தது. 1962இல் எயர் சிலோன் நிறுவனம் தன் இலண்டன் சேவைக்காக பி.ஓ.ஏ.சி.யிடமிருந்து கொமெட் 4ஐ வாடகைக்குப் பெற்றது. பத்தாண்டுகளுக்கு முன்னர் முதற் கொமெட்டைக் கண்ட கொழும்பு வானம், இம்முறை அதன் திருந்திய வடிவத்தைக் கண்டது. பின்னர் அதன் இடத்துக்கு வி.சி. 10 வந்தது. பி.ஓ.ஏ.சி.யும் 1965ஆம் ஆண்டோடு கொமெட் சேவையை நிறுத்திக்கொண்டது. டி ஹவிலண்ட் கம்பெனி அதற்கு முன்பே 1960இல் ஹோக்கர் சிட்லி கம்பெனியுடன் இணைந்து, சில ஆண்டுகளில் தன் பெயரையும் இழந்தது. சேர் ஜெப்ரி 1965இற் காலமானார்.

பிற நிறுவனங்கள் கழித்த கொமெட்டுக்களை டான் எயர் என்னும் பிரித்தானிய நிறுவனம் 1966 முதல் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. சில பறப்பதற்கு, சில உதிரிப்பாகங்களுக்கு. நாற்பத்தெண்மர் உல்லாசமாகச் சென்ற விமானத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆசனங்களை நெருக்கிப் பொருத்தி, விடுமுறை கழிக்கச் செல்லும் சாதாரண மக்களை ஸ்பெயினின் கடற்கரைகளுக்குக் கொண்டுசென்றனர். 1970 ஜூலை 3ஆந் திகதி அவற்றில் ஒன்று பார்சிலோனாவுக்கு அருகே மலையில் மோதி 112 பேர் மாண்டனர். வழி பிசகியதால் வந்த விபத்து அது. கொமெட் 4 வகை விமானங்களிலும் உயிர்ச்சேதம் நேர்ந்ததுண்டு. ஆனால் காற்றமுக்கத்தாற் கூடு பிளந்து ஒருவரும் மாண்டதில்லை. 1980 நவம்பர் 9ஆந் திகதி கற்விக் விமானத்துறையிலிருந்து எழுந்திறங்கிய பறப்போடு கொமெட்டின் பிரயாணச் சேவை முடிந்தது. வகைகள் யாவுஞ் சேர்ந்து கட்டப்பட்டவை 114 விமானங்கள்.

அதன் பின்னும் அதன் உருவம் வானிலிருந்து மறையவில்லை. விற்பனையாகாமல் எஞ்சிய இரு 4சி கூடுகளிலிருந்து நிம்ரொட் என்னும் கடற்காவல் விமானம் பிறந்து, 1967இற் பறந்தது. நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல்மீது வட்டமிட்ட அவ்விமானத்தின் கடைசி வகை 2011ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றது. 1958 ஒக்டோபர் 4ஆந் திகதி நியூயோர்க்கிலிருந்து வந்த அதே கொமெட் 4, இங்கிலாந்தின் டக்ஸ்பர்ட் நூதனசாலையிற் பேணப்பட்டு வருகின்றது. யோக் பீற்றரின் முகட்டுத் தகடு இலண்டன் விஞ்ஞான நூதனசாலையைச் சேர்ந்தது. கிழிசல் தொடங்கிய மூலையை அதில் இன்றுங் காணலாம்.